பூங்காவா, வீடா?

சில கேள்விகள் விடை வேண்டிக் கேட்கப்படுவதில்லை. இருவரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிட்டு, அவர்கள் அடித்துக்கொள்ளும் வேளையில் மூன்றாமவன் காரியத்தை முடித்துக்கொள்வதற்காகவே கேட்கப்படுகின்றன. "உனக்குப் பூங்கா வேண்டுமா, அல்லது ஏழைக்கு வீடு வேண்டுமா?" என்பது அத்தகைய கேள்வி. நகரத்தை ஒட்டிய தோட்டம் எங்கெங்கு விற்பனைக்கு வருகின்றதோ, குடியிருப்புக்கு அருகே வெற்று நிலம் எங்கெங்கு எஞ்சியிருக்கின்றதோ, அங்கெல்லாம் இக்கேள்வி தலைகாட்டுகின்றது. நம்மவரிலும் பலர் இதனை நேர்மையான கேள்வியென்றே எண்ணி, "வீடுதான் வேண்டும், பூங்கா பணக்காரனுக்கு" என்று அவசர அவசரமாக விடையளித்து விடுகின்றனர். அவ்விடை தவறு, அதனினும் பெருந்தவறு அக்கேள்வியை ஏற்றுக்கொண்டது. இதனை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்றொரு தோட்டம் இருந்தது. நம் மக்கள் அங்கே பால்மரம் சீவினர், பிள்ளை பெற்றனர், கோயில் கட்டிக் கும்பிட்டனர். பின்னர் அந்நிலத்தை அரசாங்கம் பொது நன்மையின் பெயரால் கையகப்படுத்திற்று. நகர மக்களுக்குப் பரந்த பூங்கா அமையும் என்று சொல்லப்பட்டது. நாளடைவில் அந்நிலத்தின் ஒரு பகுதியில் கோல்ப் ஆட்டத்திற்கான புல்வெளி தோன்றிற்று; மற்றொரு பகுதியில் குதிரையேற்றத்திற்கான மைதானம் தோன்றிற்று. அம்மண்ணில் உழைத்தவர்களோ, 1980களின் தொடக்கத்தில், ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் தற்காலிகமாகக் குடியேற்றப்பட்டனர். ஏறக்குறைய நூறு குடும்பங்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருள் இருப்பினும், அங்கே அதற்கு நாற்பது ஆண்டு என்பதே பொருளாயிற்று. தொட்டிலில் வந்த குழந்தை அதே கூரையின்கீழ்ப் பேரன் பேத்தி கண்டது.

அவ்வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா இருக்கின்றது. பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர். அடுத்திருக்கும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வாசிகள் காலையிலும் மாலையிலும் அங்கே உலவுவர். நகர அமைப்புத் திட்டத்தில் அது பொதுத் திறந்தவெளி என்றே குறிக்கப்பட்டிருந்தது. அங்ஙனமிருந்தும் 2017ஆம் ஆண்டில், அப்பூங்காவின் கணிசமான பகுதியில் 40 மாடிக்கும் மேற்பட்ட எட்டு அடுக்குமாடிகளைக் கட்டுவதற்கு மாநகராட்சி அனுமதி வழங்கிற்று. அவற்றோடு மலிவு விலை வீடுகளுக்கென்று 29 மாடியில் ஒரு கட்டடமும் சேர்க்கப்பட்டது. அக்கட்டடத்தில் வரிசை வீட்டாருக்கு இடம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று கணக்குப் பார்க்க வேண்டுகிறோம். எட்டுக் கட்டடங்கள் விற்பனைக்கு, ஒன்று ஏழைகளுக்கு. ஆயினும் வெளியே ஊதப்பட்ட சங்கு எந்தக் கட்டடத்தைப் பற்றியது? அந்த ஒன்றைப் பற்றியதே. பூங்காவைக் காக்க வேண்டும் என்றவர் யாவரும் ஏழைக்கு வீடு கிடைப்பதைத் தடுப்பவர் என்று தூற்றப்பட்டனர். நாற்பதாண்டு பொறுத்திருந்த ஏழையை முன்னே நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னே எட்டுக் கோபுரங்கள் எழுப்பப்படவிருந்தன. கோழியைக் கேட்டா குழம்பு வைப்பார்கள் என்பது பழமொழி. இங்கோ கோழியைக் கொண்டே குழம்புக்கு விறகும் சுமக்க வைத்தனர்.

அப்பகுதி வாசிகள் வழக்குத் தொடுத்தனர். 2018ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவர்களது மனுவைத் தள்ளிற்று. 2021ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, மாநகராட்சி அளித்த அனுமதி செல்லாது என்று முடிவு கூறிற்று. சட்டப்படி அறிவிக்கப்பட்ட நகர அமைப்புத் திட்டத்தை மாநகரத் தலைவர் வெற்றுக் காகிதமாகக் கருதி ஒதுக்கலாகாது என்பதும், அதனின்று விலகுவாராயின் காரணம் கூறக் கடமைப்பட்டவர் என்பதும் அத்தீர்ப்பின் சாரமாம். இந்நாட்டில் குடியிருப்புக்கு அருகேயுள்ள ஒவ்வொரு திறந்தவெளிக்கும் அத்தீர்ப்பு ஒரு வேலியாகும். அதனை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தீர்ப்பு வந்த அன்றும் வரிசை வீட்டார் வரிசை வீட்டிலேயே இருந்தனர். மரத்தைக் காக்கச் சட்டம் இருந்தது; அம்மரத்தின் கீழ் வாழ்ந்தவனுக்கு வீடு தரச் சட்டம் இல்லை. நீதிமன்றத்தைக் குறைகூற இடமில்லை. இல்லாத சட்டத்தை நீதிபதி எங்கிருந்து கொண்டுவருவார்? குறை சட்டம் செய்தவர்களுடையது. அதனைக் கேளாதிருந்த நம் தலைவர்களுடையது.

இனி, பூங்கா பணக்காரனுக்கு என்னும் நம்மவர் கூற்றை ஆராய்வோம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் வாயில் இச்சொல் வருவது வியப்பினும் வியப்பே. லயத்து வீடு எத்தனை அகலம்? ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. அவ்வீட்டில் ஏழெட்டுப்பேர் மூச்சுவிட்டு வாழ முடிந்ததற்குக் காரணம் வீடன்று. வீட்டைச் சுற்றியிருந்த வெளி. வாசலில் முருங்கை, பின்புறத்தில் கீரைப்பாத்தி, எல்லையில் மாட்டுக்கொட்டில், நடுவே பிள்ளைகள் பந்தாடும் திடல், திருவிழாவும் துக்கமும் கூடுவதற்கு மரத்தடி. தொழிலாளிக்குச் சாகுபடிக்கெனத் தோட்டத்திலேயே நிலம் ஒதுக்குவதைப் பற்றி மலாய் ஐக்கிய நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பே பேசிற்று. துரைமார் ஆட்சியில் எழுதப்பட்ட சட்டத்திற்கே தெரிந்த உண்மை, அடுக்குமாடியின் பதினைந்தாம் மாடியில் நான்கு சுவர்களைக் கொடுத்து, "உன் கணக்குத் தீர்ந்தது" என்று சொல்வோருக்குத் தெரியாமற் போயிற்று. பணக்காரனுக்கு முற்றம் உண்டு. மலைவாசம் செல்லக் காரும் உண்டு. பொதுவெளி இல்லையேல் அவன் பெரிதும் வருந்தான். ஏழைப் பிள்ளைக்குத் திடல் இல்லையேல் வீதியே திடலாகும். வீதி கற்பிக்கும் பாடமே கல்வியாகும். ஆதலின் வீட்டருகே திறந்தவெளி வேண்டும் என்பது முதற்கண் ஏழையின் கோரிக்கை.

அதுபோலவே மறுதரப்பில் உள்ள ஒரு சாராருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. பூங்காவுக்காகப் போராடியவருள் பலர், வரிசை வீட்டாருக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே நல்ல வீடு கட்டித் தருக என்று கூறினர், அவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் தம் மாளிகைச் சன்னலிலிருந்து பசுமையைக் காண விரும்பி, அப்பசுமையின் ஓரத்தில் தகரக் கூரை தென்படுவதை மட்டும் சகியாதவர் எந்நகரத்திலும் உண்டு. "இவர்கள் வேறெங்கேனும் போகக்கூடாதா?" என்பது அவர்கள் முணுமுணுப்பு. ஐயன்மீர்! அப்பசுமையை அங்கே நட்டவர் எவர்? காட்டையழித்து, மலேரியாவுக்குப் பிள்ளைகளைப் பலிகொடுத்து, மண்ணைத் திருத்தியவர் எவர்? மண் அழகாயிருக்கின்றது, மண்ணைத் திருத்தியவன் அழகாயில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

பிற நாடுகளில் இக்காரியம் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் நாப்பா என்னும் பள்ளத்தாக்கு திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அதற்குத் தெற்கே சான்டா கிளாரா பள்ளத்தாக்கிலிருந்த பழத்தோட்டங்கள் வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகி அழிந்துகொண்டிருந்ததை நாப்பா மக்கள் கண்டனர். 1965ஆம் ஆண்டில் அம்மாகாணம் ஒரு சட்டம் செய்தது. தன் நிலத்தைப் பத்தாண்டுக் காலம் விவசாயத்திற்கே வைத்திருப்பதாக ஒப்பந்தம் செய்பவனுக்கு, விவசாய மதிப்பின்படியே நிலவரி விதிக்கப்படும் என்பது அதன் ஏற்பாடு. 1968ஆம் ஆண்டில் நாப்பா மாவட்டச் சபை இன்னும் ஒருபடி மேலே சென்றது. பள்ளத்தாக்கின் நிலத்தை விவசாயக் காப்புநிலம் என்று அறிவித்து, 20 ஏக்கருக்குக் குறைவாக எவரும் அதனைத் துண்டாடலாகாது என்று விதித்தது. பின்னர் அவ்வளவு 40 ஏக்கராக உயர்த்தப்பட்டது. நிலவுடைமையாளர் சிலர், "எம் நிலத்தை எம் இஷ்டம்போல் விற்கலாகாதா?" என்று கூச்சலிட்டனர். சபை அசையவில்லை. 1990ஆம் ஆண்டில் அம்மாவட்ட வாக்காளர்கள், தங்கள் வாக்கின்றி விவசாய நிலத்தை வேறு வகைக்கு மாற்றலாகாது என்று தாங்களே விதி செய்துகொண்டனர். 2008ஆம் ஆண்டில் அவ்விதியை 2058 வரை நீட்டித்தனர்.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் லாவோ என்னும் சரிவில், பல நூற்றாண்டுகளாகக் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள் உள. நகரம் அவற்றை நோக்கி ஊர்ந்து வந்தபோது, 1977ஆம் ஆண்டில் அம்மாநில மக்கள் வாக்களித்து அந்நிலத்தைக் காத்தனர். 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நிலம் எதற்குப் பயன்படவேண்டும் என்பதை விற்பவனும் வாங்குபவனும் மட்டுமே தீர்மானிப்பதில்லை; அருகே குடியிருப்பவனும் அதில் பேசுவான் என்பதே இவ்விரு ஊர்களும் காட்டும் நெறி.

ஆயினும் நாப்பாவை நாம் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. நிலத்தைக் காத்த விதி வீட்டைக் காக்கவில்லை. கட்டுவதற்கு நிலம் குறையவே வீட்டு விலை ஏறிற்று. திராட்சை பறிக்கும் தொழிலாளி, பெரும்பாலும் மெக்சிகோ தேசத்திலிருந்து வந்தவன், தான் வேலை செய்யும் ஊரில் தலைசாய்க்க இடமின்றி வெகுதொலைவிலிருந்து வந்துபோகலானான். அழகிய தோட்டம், அதில் உழைப்பவனுக்கு இடமில்லை. புக்கிட் கியாராவின் கதை வேறு மொழியில் சொல்லப்பட்டது போலன்றோ இருக்கின்றது! அந்நிலையில் அவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். 2002ஆம் ஆண்டில் திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள், பயிரிட்ட ஏக்கருக்கு இவ்வளவு என்று தங்கள்மீதே ஒரு தீர்வை விதித்துக்கொண்டு, அதனைக் கொண்டு தொழிலாளர் விடுதிகளை நடத்த ஏற்பாடு செய்தனர். தனியாள்களுக்கான விடுதி குடும்பத்துடன் வாழ்பவனுக்குப் போதாது என்பது மெய்யே. எனினும், "நிலத்தைக் காப்போம், ஆகவே வீட்டை மறப்போம்" என்றோ, "வீடு கட்டுவோம், ஆகவே நிலத்தை விழுங்குவோம்" என்றோ அவர்கள் சொல்லவில்லை. பூங்காவா வீடா என்னும் கேள்வி பொய்க் கேள்வி என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

நம் நாட்டுச் சட்டம் யாது சொல்கின்றது? 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகையாகப் பிரிக்கின்றது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் அதிகாரம் மாநில அரசாங்கத்தினுடையது. மாற்றம் கிடைத்த மறுநாளே நிலத்தின் விலை பன்மடங்காகின்றது. அவ்விலையேற்றத்திற்காக உரிமையாளன் ஒரு மரமும் நடவில்லை. ஒரு வாளிப் பாலும் சுமக்கவில்லை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டாடி விற்க வேண்டுமாயின், தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற விதியும் அச்சட்டத்தில் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடியால் 1950களிலும் 1960களிலும் நம் மக்கள் பட்ட பாடே அவ்விதிக்குப் பின்னணி. 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அவ்விடியைத் தாங்குவதற்கே.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டமோ, உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்கின்றது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றும் கூறுகின்றது. இங்கேதான் முள் இருக்கின்றது. அறிவிப்பு யாருக்கு? உரிமையாளருக்கு. லயத்தில் மூன்று தலைமுறையாய்க் குடியிருப்பவன் எதற்கு உரிமையாளன்? சமையற் பாத்திரத்திற்கும் சாமி படத்திற்கும். பக்கத்து வீடமைப்புத் திட்டத்தில் நேற்று வீடு வாங்கியவனுக்கு அறிவிப்பு வரும்; அந்நிலத்திலேயே பிறந்தவனுக்கு வராது. அவன் அச்செய்தியை அறிவது, மண்தள்ளும் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுத்தான்.

தோட்ட ஆபீசில் பேரேடு எழுதும் நம் போன்றோர் இதன் முடிவைக் கணக்காகவே அறிவோம். தோட்டம் மூடப்படுங்கால் 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்டு உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட்சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். 30 ஆண்டு பால் வெட்டியவனுக்கு 600 நாட்சம்பளம். அதனைக் கூட்டிப் பெருக்கி, கையொப்பம் வாங்கி, ஏட்டை மூடிவிடலாம். அந்த ஏட்டில் வீட்டிற்கென்று ஒரு பத்தி இல்லை. கீரைப்பாத்திக்குப் பத்தி இல்லை. திடலுக்குப் பத்தி இல்லை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் வேலையிருக்கும் வரையில் வீடு எவ்வாறிருக்க வேண்டும் என்று பேசுகின்றதேயன்றி, வேலை போனபின் அவ்வீட்டார் எங்கே போவர் என்று பேசவில்லை. தோட்டம் நகரமாகும்போது நிலம் பெயர் மாறுகின்றது. மனிதன் இடம் மாறுகின்றான். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. அவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டனர். நாட்டின் நிருவாகத் தலைநகரம் எழுந்தது என்று யாவரும் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். அத்தலைநகரில் ஏரிக்கும் பூங்காவுக்கும் கிடைத்த இடம் அம்மண்ணின் பழங்குடிகளுக்குக் கிடைக்காதது ஏன் என்று கேட்டால் அஃது எங்ஙனம் குற்றமாகும்?

நாப்பாவிலும் லாவோவிலும் மக்கள் வாக்குச்சீட்டைக் கொண்டு நிலத்தைக் காத்தனர். நம்மிடம் அச்சீட்டு இல்லை. இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டவை. பிறகு திரும்ப வரவேயில்லை. மாநகரத் தலைவர் நியமிக்கப்படுபவர். நகராண்மைக் கழக உறுப்பினரும் நியமிக்கப்படுபவரே. ஆகவே ஊர் நிலத்தைப் பற்றிப் பேசக் குடிமகனுக்கு எஞ்சியிருக்கும் ஆயுதம் ஆட்சேப மனு ஒன்றுதான். அவ்வொன்றையும் நிலப்பட்டா உள்ளவனுக்கே உரியதாக்கினால், பட்டா இல்லாதவன் ஊமையாகவே பிறந்து ஊமையாகவே இறப்பான்.

நாம் கோருவது பெரிதொன்றுமில்லை. முதலாவதாக, தோட்ட நிலத்தை வேறு வகைக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பம் எதுவாயினும், அந்நிலத்தில் குடியிருப்போர் அனைவருக்கும், பட்டா இருப்பினும் இல்லாவிடினும், அவர்களுக்கு விளங்கும் மொழியில் அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் வாதத்தைக் கேட்க வேண்டும். இரண்டாவதாக, அந்நிலத்திலேயே அவர்களுக்குச் சொந்த வீடு கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுத்த பின்னரே ஏனைய கட்டடங்களுக்கு அனுமதி வழங்க வேண்டும்; வாக்குறுதிக் காகிதத்தை வீடாகக் கொள்ளலாகாது. மூன்றாவதாக, வீடமைப்புத் திட்டங்களில் நூற்றுக்குப் பத்து பங்கு திறந்தவெளி விடவேண்டும் என்னும் வழிமுறையை, சாக்கடை ஓரத்தையும் மின்கம்பியின் அடிநிலத்தையும் காட்டிக் கழிக்காமல், பிள்ளை ஓடியாடக்கூடிய நிலமாக, குடியிருப்புக்கு அருகிலேயே விடச் செய்ய வேண்டும். நான்காவதாக, பொதுத் திறந்தவெளி என்று ஒருமுறை குறிக்கப்பட்ட நிலம், ஊரறிய விசாரணையின்றி ஒருபோதும் வேறாக மாறலாகாது. நிலவகை மாற்றத்தால் வரும் ஏற்ற விலையில் ஒரு சிறு பங்கே இத்தனைக்கும் போதும்.

நம்மவருக்கும் சில சொல்வோம். தோட்டம் விற்கப்படும்போது கோயிலைக் காக்க நூறுபேர் திரள்கின்றனர். தெய்வம் தன் இடத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பள்ளிப்பிள்ளையின் திடலையும் கிழவியின் கூரையையும் பார்த்துக்கொள்ள நூற்றில் பத்துப்பேராவது வரலாகாதா? இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு தலைவரைத் தேடி ஓடுவதும், அவர் மாலையேற்று, படம் பிடித்துக்கொண்டு, "பேசி முடிப்போம்" என்று சொல்லிப் போவதும் எத்தனை முறை கண்ட கூத்து! ஆட்சேபிக்கும் காலம் வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் அந்தச் சில வாரங்களே. அக்காலத்தில் நகராண்மைக் கழகச் சுவரில் ஒட்டப்பட்ட வரைபடத்தைப் பார்க்க எத்தனை தமிழர் போயினர்? தீபாவளி விற்பனைக்குப் போன கூட்டத்தில் நூற்றிலொரு பங்கு போயிருந்தாலும் வரைபடத்தின் வண்ணம் மாறியிருக்கும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வாசிகள் வென்றது பணத்தால் மட்டுமன்று; கூட்டம் கூடி, காகிதத்தைப் படித்து, ஆறாண்டுக் காலம் சலியாது வழக்காடினர். அந்தச் சலியாமையைக் கற்றுக்கொள்வதற்குக் காசு வேண்டியதில்லை.

ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தோட்ட ஆபீசுகளில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராணி என்பவன் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருக்கும் சுவர் என்று நம் பாட்டன்மார் நினைத்தனர். சுவராயிருந்தது போதும், சன்னலாயிருப்போம். உங்கள் தோட்டம் எந்த உள்ளூர்த் திட்டத்தில் அடங்குகின்றது, அதில் அதற்கு என்ன வண்ணம் தீட்டப்பட்டிருக்கின்றது, திறந்தவெளி எங்கே குறிக்கப்பட்டிருக்கின்றது என்பதை இந்த வாரமே கேட்டறியுங்கள். அதனைத் தமிழில் எழுதி, பாலெடை போடும் கொட்டகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். ஆட்சேப மனு எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுங்கள். அம்மனுவில், "எங்களுக்கு வீடும் வேண்டும், வீட்டருகே வெளியும் வேண்டும், இரண்டும் இம்மண்ணிலேயே வேண்டும்" என்று தெளிவாக எழுதுங்கள். அதன்பின் எவரேனும் வந்து, "பூங்காவா, வீடா?" என்று கேட்பாராயின், எட்டுக் கட்டடங்கள் யாருக்கு என்று அவரையே திருப்பிக் கேளுங்கள்.